தவிட்டுக்கு ஏத்த மிஷினு

பதறாதீங்க தங்கச்சி, மிஷினுல கோளாறு ஒண்ணுமில்லீங்க. அது பாட்டுக்கு ஜோரா ஓடுது. உங்க பையன் செங்கோட்டையன் செஞ்ச வேலையில கோளாறு வருமுங்களா? நான் வடகரப்பதியிலிருந்து பெருமாட்டிக்கு வந்தது வேற சமாச்சாரத்துக்குங்க. உங்க வாயால ஒரு சம்மதம் வாங்கிட்டுப் போகோணும். ஆமாங்க, உங்ககிட்டத்தான். பையன் பட்டறைக்குப் போயிருப்பாருன்னு தெரிஞ்சுதான் இந்நேரத்துக்கு வந்தேன். சொல்றேனுங்க, சித்த இருங்க. மிஷினு வாங்கின கதையக் கேட்டாத்தான் அது புரியும். காப்பியெல்லாம் வேண்டாமுங்க, மோரு இருந்தாக் குடுங்க, போதும்.

என்ற பேரு குப்பண்ணனுங்க. மாட்டுத் தீவனம் போடற மில்லு நம்முளுது. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. இத்தனை காலமா வல்லப் படியில அளந்து, சாக்குல கொட்டி, கோணூசியில தச்சு அனுப்பிட்டிருந்தோம். அளக்கையில ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டமுங்களே, லாபம், ரெண்டு, மூணுன்னுதான எண்ணுவோம்? எங்க சரக்கெடுக்கற யாவாரி, திருச்சூர் கச்சவடக்காரரு, ஒருநாள் வந்தவரு, உங்க லாபம் உங்களோட இருக்கட்டும், எனக்கு எல்லாச் சாக்கும் ஒரே எடையா வேணும், வாயி மிஷினுல தச்சிருக்கோணும், இல்லாட்டி நான் கோயமுத்தூர்லயே எடுத்துக்கறேன்னு சொல்லிப்போட்டாரு. மில்லு நிக்கறதும் படுக்கறதும் அவரு கையிலீங்க. அப்பறம் என்ன பண்றது, எடை போட்டுச் சாக்கு ரொப்பற மிஷினு பாக்கக் கெளம்பியாச்சு.

நான் ஒண்டியாப் போயிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமுங்களா? சந்தையில கொம்பப் பாத்து மாடு புடிச்சவன் கதைதான். இருக்கறதுலயே பெருசா, பளபளன்னு எது நிக்குதோ அதைப் புடிச்சுட்டு வந்திருப்பேன். எங்கூட்டுப் புள்ள மருதாத்தா கூட வந்தாளோ, நான் பொழச்சனோ. அவ என்ன பண்ணுனாங்கறீங்க? எங்க தவிட்டையே ஒரு சாக்கு ரொப்பி பஸ்ஸுல ஏத்திட்டா. கண்டக்டரு சண்டைக்கு வாராரு. மிஷினு பாக்கப் போறவங்க தவிட்டைத் தூக்கிட்டு எதுக்குப் போறீங்கன்னு பஸ்ஸே சிரிக்குது. அவ பாட்டுக்கு சாக்குப் பக்கத்துல நின்னுட்டே வந்தா.

மொதல்ல போனது பெரிய எடமுங்க. பேன் ஓடுது, சோடா ஒடைச்சுக் குடுக்கறாங்க. ஒரு தம்பி பேண்டு சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமப் போட்டுட்டு, மேல தொட்டியில அரிசியக் கொட்டி சுவிச்சைப் போட்டாரு பாருங்க, மதகு தொறந்தாப்பல வருது அரிசி. எடை வந்ததும் தானா நின்னுக்குது. நான் வெத்தல பாக்கை எடுத்துட்டேன், முடிச்சுப்போடலாம்னு. மருதாத்தா, எங்க சரக்கு அரிசியில்லீங்க, தவிடு, அதைப் போட்டு ஓட்டிக் காட்டுங்கன்னா. எல்லாம் ஒண்ணுதானுங்களேன்னு சிரிச்சுட்டே கொட்டுனாரு அந்தத் தம்பி.

கீழ ஒண்ணும் எறங்கி வல்லீங்க. தவிடு அரிசியாட்ட ஓடாதுங்களே, அமுங்கி உள்ளயே பாலங் கட்டி நின்னுக்கும். தட்டிப் பாக்கறாரு, ஒதைச்சுப் பாக்கறாரு. கடைசியில கீழ குனிஞ்சு தலைய உள்ள உட்டு என்னன்னு பாத்தாரு. பொதுக்குனு மொத்தமும் எறங்கிருச்சுங்க! விபூதி அபிசேகம் பண்ணுன சாமியாட்ட நிக்கறாரு, கண்ணு ரெண்டு மட்டும் தெரியுது. எனக்குச் சிரிப்பு அடங்கல, வெளிய வந்து செவுத்தப் புடிச்சுட்டு சிரிச்சேன். மருதாத்தா சிரிக்கல. அவ சிரிக்கறதே இல்லீங்க அப்பெல்லாம்.

அப்பறந்தான் உங்க பையன் பட்டறைக்கு வந்தோம். அவரு மிஷினை ஓட்டியே காட்டல. சாக்குக்குள்ள கைய உட்டு ஒரு புடி தவிட்டை அள்ளி, அமுக்கி, கைய விரிச்சாரு. கொழுக்கட்டையாட்ட அப்படியே நின்னுச்சு. இதுக்கு நாஞ் செஞ்சு வெச்சிருக்கற மிஷினு ஆகாதுங்க, அது அரிசிக்குச் செஞ்சது, தொட்டிச் சரிவை இன்னும் செங்குத்தாப் பண்ணி, தவிட்டை அசைச்சு உடறதுக்கு உள்ள ஒரு ஆட்டுக்கம்பி வெக்கோணும், அவகாசம் குடுத்தாச் செஞ்சு தாரேன்னாரு. விக்க வெச்சிருக்கற பொருளை ஆகாதுன்னு சொல்ற ஆளை எங்கீங்க பாக்கறது? வெளிய வந்ததும் மருதாத்தா, இவருகிட்டயே வாங்கிப்போடலாமுங்கன்னா. மிஷினு இன்னும் செய்யவே இல்ல, அதுக்குள்ள வாங்கறதுன்னு முடிவாயிருச்சு. என்னத்தப் பாத்து வாங்கறோம்னு நான் கேட்டுக்கலீங்க.

மோரு நல்லாருக்குதுங்க. கருவேப்பலை கிள்ளிப் போட்டிருக்கறீங்க.

மிஷினு மாட்டுன அன்னைக்கு இருக்குதே, அதைக் கேளுங்க. எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடங் காட்டி எல்லாம் ஆச்சு. நாந்தான் மொரண்டு புடிச்சேன். மொதச் சாக்குக்கு லாபம்னு யாரு சொல்றது, மிஷினு சொல்லுமா, சொல்லாம ஓட்டப்படாதுன்னுட்டேன். உங்க பையன் கொஞ்சமும் சளைக்காம, நாஞ் சொல்றேனுங்கன்னு சாக்கு வாயப் புடிச்சுட்டு நின்னாரு. சுவிச்சைப் போட்டதும் ஆட்டுக்கம்பி ஆடுது, மிஷினு ஆடுது, அதைப் புடிச்சுட்டு நிக்கற மனுசனும் ஆடறாரு. லாபம்னு ஒரே வார்த்தை, அதுவும் லா ஆ ஆ ஆன்னு நடுங்கிட்டு வருது, முடியறதுக்குள்ள சாக்கே ரொம்பிருச்சுங்க!

சாக்கு வாயைத் தெக்கறதுக்குக் கையில புடிக்கற மிஷினு ஒண்ணு குடுத்தாருங்களே, அது மருதாத்தா கையில. சிரிப்ப அடக்கிட்டு உதட்டைக் கடிச்சுட்டே தெக்கறா. கண்ணு சாக்கு மேல இல்ல. குனிஞ்சு நின்ன உங்க பையன் தோள்துண்டு தொங்குச்சு பாருங்க, சாக்கு வாயோட அதையும் ஒட்டுக்காத் தச்சுப்போட்டா! அவரு நிமிந்தாரு, துண்டு வல்ல. அவ பாத்தா. அப்பச் சிரிச்சா, தங்கச்சி. மிஷினு சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. என்ற ஊட்டுக்காரி பெரியம்மாள் அடுப்படியிலிருந்து கையில கரண்டியோட ஓடி வாரா, என்ன சத்தம்னு.

அந்தத் தையலு உங்களுக்குத் தெரியுமுங்களே? ஒரு பக்கத்து முனையப் புடிச்சு இழுத்தா சர்ருனு முழுசும் அவுந்துரும். மறுபக்கத்துல இழுத்தா அவுறாது, இறுகிக்கும். எது எந்த முனைன்னு காலையிலதான் உங்க பையன் அவளுக்குச் சொல்லிக் குடுத்திருந்தாரு. ரெண்டு பேத்துக்கும் தெரியும். ரெண்டு பேரும் அவுறாத முனையையே மாத்தி மாத்தி இழுத்துட்டு நிக்கறாங்க. நான் கூறுகெட்டவன், நடுவுல போயி சரியான முனையை இழுத்து உட்டுட்டேன். சித்த நேரம் பொறுத்திருக்கலாம்.

அதேதானுங்க. அதுக்குத்தான் வந்தேன். நீங்க பொண்ணு கேட்டு வாரதுதான் மொறை, நான் மொறை கெட்டு மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கறேன். நீங்க சிரிக்கறதப் பாத்தா மனசு குளுந்துபோச்சுங்க. பெரியம்மாளுங்களா? வந்திருக்கறா, தட்டமும் பூவுமா பஸ்ஸு நிக்கற எடத்துல உக்காந்திருக்கறா. நீங்க கேட்டுட்டு வாங்க, நான் அங்க வந்தா அழுதுபோடுவேன்னுட்டா.

ஜாதகமும் இருக்குதுங்க. அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிப்போடறேன். மருதாத்தா நான் பெத்த புள்ள இல்லீங்க. என்ற பையன் கட்டிக் கூட்டிட்டு வந்த புள்ள. அவன் போயிச் சேந்துட்டான். நல்ல பையனுங்க, கெணத்து மோட்டாரு சரி பண்ணப் போனவன். என்ற மருமகளைத்தான் உங்களுக்கு மருமகளாக் குடுக்க வந்திருக்கறேன்.

உங்க பையனுக்குத் தெரியுமுங்க, பட்டறைக்கு வந்த அன்னைக்கே அவ சொல்லிப்போட்டா. ஊருல பேசுவாங்கதான், பேசட்டுமுங்க. கல்யாணச் சீரெல்லாம் அப்பன் எடத்துல நின்னு நாஞ் செய்யறேன். அவ சிரிச்சத நாங்க ரெண்டு பேரும் கேட்டுட்டமுங்க தங்கச்சி. அதைக் கேட்ட பொறகு அவளை ஊட்டோட பூட்டி வெக்க எங்களுக்கு மனசு வல்ல.

அவளைக் கேக்காம வருவனுங்களா? கேட்டேன். தெக்கற மிஷினைத் தொடச்சுட்டே, நான் போயிட்டா மில்லுல சாக்கு யாரு தெப்பாங்க மாமான்னா. வேண்டாம்னு சொல்லலீங்க. சாக்குத் தெக்க ஆளில்லையேன்னு கவலப்படறா!

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? வெயிலுல எங்கீங்க கெளம்பிட்டீங்க, செருப்புக்கூடப் போடாம? பஸ்ஸு நிக்கற எடத்துக்குங்களா? என்ன சொன்னீங்க? சம்பந்தியம்மாளை ரோட்டுல உக்கார வெச்சுட்டு உள்ள உக்காந்து மோரு குடிப்பாங்களான்னா கேட்டீங்க?

மறுக்கா ஒருக்காச் சொல்லுங்க தங்கச்சி.