முன்னூறு பொட்டு

ஒரு சின்ன கதை சொல்றேன். பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் இப்படி முன்னாடி வாங்க... மெதுவாச் சொல்ல வேண்டிய கதை இது.

ஒரு பல்கலைக்கழகம். அங்க ஒரு இருட்டறை. சன்னலுக்குக் கருப்புத் துணி, கதவுக்குக் கருப்புத் துணி, ஊசி ஓட்டை இருந்தாலும் அதுக்கு மேல கருப்பு டேப். உள்ள என்ன பண்றாங்க? வெளிச்சத்தை எண்ணுறாங்கய்யா, வெளிச்சத்தை!

வெளிச்சத்தை வடிகட்டி, வடிகட்டி, ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு ஒளிப் பொடியா அனுப்புறாங்க. எதிர்ல ஒரு தகடு, அதுல வெளிச்சம் புகுற மாதிரி முடி கனத்துல ரெண்டு கீறல். அதுக்கு அந்தப் பக்கம் கேமரா. ஒரு பொடி வந்து விழுந்தா, வெளிய இருக்கிற கம்ப்யூட்டர்ல ஒரு பொட்டு. இந்தப் பொட்டெல்லாம் சேர்ந்து, கோடு போட்ட சேலை மாதிரி வரி வரியா நிக்கணும்.

ஆராய்ச்சி பண்றது ரெண்டு பொண்ணுங்க. ஜெனிஷா, நாகர்கோவில்காரி. அவ கூட்டாளி மும்தாஜ். பேராசிரியர் கறாராச் சொல்லிட்டார். "வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். கோடு வரலைன்னா இந்த ஆராய்ச்சி மேசையை வேற குழுவுக்குக் கொடுத்துடுவேம்மா. நீங்க தலைப்பை மாத்திக்குங்க."

ரெண்டு வருஷ உழைப்பு! என்ன ஆகும் அந்தப் புள்ளைங்களுக்கு?

பொட்டு விழுது... இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. நூறு... இருநூறு... முன்னூறு. கோடா? அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கு! உடனே ஜெனிஷா, "உள்ள வெளிச்சத்தைத் திருப்புற கண்ணாடி லேசா சாஞ்சிருக்குடி"ன்னு, வெளிய இருந்தே அதை நிமித்துற திருகை ஒரு திருகு திருகுவா. இருக்கிறதை அழிச்சிட்டு, ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பா. முன்னூறு வரும்... திருகுவா... அழிப்பா. மூணு வாரமா இதே கூத்து!

வெள்ளிக்கிழமை காலைல பத்தரை. முன்னூறு பொட்டு. ஜெனிஷா கை திருகுகிட்டப் போகுது.

"எடுடி கையை!" மும்தாஜ் கத்திட்டா. "என்னைக்காவது மூவாயிரம் வரைக்கும் விட்டுருக்கியா நீ?"

"பயமா இருக்குடி. சும்மா உக்காந்திருந்தே தோத்துப் போயிட்டா?"

"திருகித் திருகி மட்டும் என்னத்தைக் கிழிச்சோம்?"

ஜெனிஷா ரெண்டு கையையும் நீட்டிட்டா. "அப்ப கட்டிப் போடுடி. என் கை என் பேச்சைக் கேக்காது."

கட்டினாளே! அந்தக் கருப்பு டேப்பை எடுத்து, ரெண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினா. மத்தியானச் சோறு? வராண்டாவுல வச்சு ஊட்டி விட்டா.

ஆயிரம்... ஆயிரத்து ஐந்நூறு... ரெண்டு மணி இருக்கும். ஜெனிஷா மெல்லக் கேக்குறா. "ஏ... அந்த இடத்துல மட்டும் ஏன்டி ஒண்ணுமே விழல?"

பார்த்தாங்க. ஒரு இடம் காலி. தள்ளி இன்னொரு இடம் காலி. நடுவுல பொட்டு குமியுது... அய்யோ, கோடு! கோடு!

நாலு மணிக்குப் பேராசிரியர் அறைச் சாவி வாங்க வந்தார். திரையைப் பார்த்தார். சாவியைக் கேக்கல. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தார். அப்புறம் சொன்னார். "பேசாதீங்கம்மா... இன்னொரு பொட்டு விழட்டும்."

சொல்றப்பவே எனக்கு உடம்பு சிலிர்க்குதுங்க! ஒவ்வொரு பொடியும் தனியாத்தானே வந்துச்சு? முன்னாடி போனது எங்க விழுந்துச்சுன்னு பின்னாடி வந்ததுக்குத் தெரியுமா? கையைப் பிடிச்சு இங்க உக்காரு, அங்க உக்காருன்னு யார் சொன்னா? இருந்தும் ஒரு கோலம் வந்துச்சே... எப்படிய்யா வந்துச்சு?

மாலை நேரப் பள்ளிக்கூடத்துல சம்பளம் வாங்காம பாடம் சொல்லிக் கொடுக்கிற தம்பி, தங்கச்சிங்களா... உங்களுக்காகத்தான் இதைச் சொன்னேன். "மூணு வாரம் ஆச்சு சார், ஒரு எழுத்து ஏறல"ன்னு வந்து நிக்கிறீங்க. உடனே புத்தகத்தை மாத்துறீங்க, முறையை மாத்துறீங்க, திரும்ப முதல் பக்கம். நீங்க நேத்து சொன்ன ஒரு சொல் அந்தப் புள்ளை மனசுல எங்கயோ விழுந்திருக்கு. எங்கன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா விழுந்திருக்கு. தயவு செஞ்சு அதை அழிச்சிடாதீங்க. நாளைக்குப் போய், விட்ட இடத்துல இருந்து அடுத்த சொல்லைச் சொல்லுங்க.