மூணாவது பாட்டுக்கு ஒரு பேர்

— ரெக்கார்டுல முதல் பாட்டு ஆரம்பிச்சதுமே சிரிச்சிட்டீங்களே ஹோலிஸ், எதுக்கு?

— டல்லி டிரம் அடிக்கிறதைக் கேளு, நெல்டா. மிரண்ட கழுதை மாதிரி ஓடுறான். கோழித்தீவனக் கிடங்குல, சுவர் முழுக்க பழைய மெத்தையைத் தொங்கவிட்டு, மூணே நாள்ல பாடிப் பதிவு பண்ணி முடிச்சோம். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாடியும் ஜெபம். ஆமென் சொல்றதுக்குள்ள அவன் குச்சியைத் தட்ட ஆரம்பிச்சிடுவான்.

— ஆஸ்பத்திரிக் கட்டில்லகூட ராய்ஸ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். நான் சூப் ஊட்டுறேன், பாதி வழிஞ்சிடும். உங்கப்பா பிரசங்கத்துல என்னமோ சொன்னாராமே?

— பாட்டுக் குழுவுக்குக் கில்கால் ரோடுன்னு பேர் வச்சுக்கிட்டு, தேவன் பாட்டுக்கு டிரம் அடிச்சு மூணு பேர் நரகத்துக்கு ரோடு போடுறாங்கன்னார். நான் முதல் வரிசையில உட்கார்ந்திருக்கேன். மத்தியானம் வீட்டுல அவரே எனக்குக் கோழி வறுவலும் எடுத்து வச்சார். ஆகட்டும், காட்ஸ்டன்ல இருந்து இந்த மொபீல் துறைமுகம் வரைக்கும் நீ இதைப் போட்டுக் காட்டவா வந்தே?

— இந்த ரெக்கார்டை மறுபடி அச்சடிக்கிறாங்க. நாற்பத்தஞ்சு வருஷம் கழிச்சு இப்போ ஜனங்க தேடிக் கேக்குறாங்களாம். அட்டையில எந்தப் பாட்டு யார் பாடினதுன்னு போடணுமாம். பழைய அட்டையில 'மகிமை தேவனுக்கே'ன்னு மட்டும்தானே இருக்கு. ராய்ஸும் இல்லை, டல்லியும் இல்லை. உங்களைத்தான் கேக்கணும்.

— எழுதிக்கோ. கிட்டார் நான். டிரம் டல்லி. பாட்டு ராய்ஸ்.

— எல்லாப் பாட்டுமா?

— எல்லாப் பாட்டும்.

— மூணாவது?

— அதான் சொன்னேனே.

— அப்போ நான் சலவைக்கடை வேன் ஓட்டிக்கிட்டிருந்தேன். சபைப் பக்கமே போறதில்லை. ரேடியோவில அந்தப் பாட்டு வந்துச்சு, ஆத்துல இறங்க பயந்து கரையிலேயே நிக்கிறவனோட பாட்டு. வேனை ஓரமா நிறுத்திட்டு அழுதேன். அந்தக் குரலைத் தேடித்தான் உங்க கச்சேரிக்கு வந்தேன். மேடையில ராய்ஸ் பாடினப்போ குரல் வேற மாதிரி இருந்துச்சு.

— அன்னிக்கு அவனுக்குச் சளி.

— பாஸ்டர் மகன் நீங்க. பொய் சொன்னா காது சிவக்குது.

— விடேன், நெல்டா. செத்தவனை எதுக்கு இழுக்கிறே?

— அட்டையில பொய் போட மாட்டேன்.

— சரி, கேளு. பதிவோட கடைசி நாள் ராய்ஸ் குடிச்சிட்டு எங்க வேனுக்குள்ள கிடந்தான். குடியை விட்டுட்டேன்னு மேடைக்கு மேடை சாட்சி சொல்றவனே அவன்தான். சாயங்காலத்துக்குள்ள கிடங்கைக் காலி பண்ணிக் குடுக்கணும். பாக்கி அந்த ஒரு பாட்டு. நான் பாடினேன். தெளிஞ்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான், வெளியில சொல்லிடாதேன்னு. நானும் சொல்லலை. அப்புறம் நீ வந்தே. அந்தக் குரலுக்காக வந்தேன்னு அவன் முன்னாடி போய் நின்னே. அதைப் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டிருக்க என்னால ஆகலை. உங்க கல்யாணத்துக்கு முந்தின நாள் கிளம்பி இங்க வந்துட்டேன், கப்பல் பட்டறை வேலைக்கு.

— ராய்ஸ் அதுக்கப்புறம் ஒரு சொட்டு தொடலை. கண்ணை மூடுற வரைக்கும், நாற்பத்தொரு வருஷம். என்னை ஒரு குறையும் இல்லாம வச்சிருந்தார்.

— தெரியும். அதனாலதான் வாயைத் திறக்கலை. இப்போ உனக்குத் தெரிஞ்சுபோச்சு. மன்னிச்சிடு.

— இப்போ தெரிஞ்சதில்லை, ஹோலிஸ். ராய்ஸே சொன்னார், அந்த முந்தின நாள்தான். எங்கம்மாவோட சமையல்கட்டுல எனக்குப் போட வாங்கின மோதிரத்தை எடுத்து மேஜையில வச்சார். நீ ஆசைப்பட்ட குரல் ஹோலிஸோடது, அவன்கிட்டப் போறதுன்னா போன்னார்.

— வரலையே நீ.

— வந்தேன். உங்கம்மாதான் கதவைத் திறந்தாங்க. நீங்க காலையிலயே பஸ் ஏறிட்டீங்கன்னு சொன்னாங்க.