சாட்சிக் கையெழுத்து

— வெத்துத் தாள்லயெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

— வெத்துத் தாளா? மேல தலைப்பு போட்டிருக்கேன் பாரு, 'ஈகை'ன்னு. கீழ அப்புறமா நிதானமா எழுதிக்கறேன். விஷயம் என்னன்னா, நீ சாட்சி. கண்ணை மூடிக்கிட்டு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். எங்க ஆபீஸ்ல பெரியவர் தினம் நாப்பது ஃபைல்ல அப்படித்தான் போடறாரு.

— அதான் உங்க ஆபீஸ் அந்த லட்சணத்துல இருக்கு. நான் தையக்காரிங்க. அளவு எடுக்காம துணியில கத்தரி வைக்க மாட்டேன். எழுதிக் காட்டுங்க. நடந்ததா இருந்தா போடறேன்.

— நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள படிப்பு மையத்துல குடுத்தாகணும்மா! நாலு பாடம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பழைய கதை, அந்தக் கதையோட நீதி, அந்த நீதிப்படி என் வாழ்க்கையில நடந்த ஒரு சம்பவம். அதை நேர்ல அறிஞ்ச ஒரு சாட்சி. இது தேறலைன்னா டிகிரி கிடைக்காது. டிகிரி இல்லைன்னா அந்த கிளார்க் நாற்காலி, நேத்து சேர்ந்தவனுக்குப் போயிடும். இருபத்தாறு வருஷமா எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தவன், இனிமே அவனுக்கும் சேர்த்து வாங்கணும்.

— எனக்கும்தான் நாளைக்குக் காலைல முப்பது யூனிஃபார்ம் குடுக்கணும். மெஷின் பாட்டுக்கு ஓடட்டும், நீங்க படிங்க. காது சும்மாதானே இருக்கு.

— படிக்கறேன். முதல் பாடம், ஈகை. குளிர்ல நடுங்கின வழிப்போக்கனுக்கு ராஜா தன் போர்வையைக் குடுத்துட்டு, தான் விடிய விடிய நடுங்கினாரு. அதே மாதிரி, ஒரு மழை நாள்ல, பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த ஒரு தாத்தாவுக்கு நான் என் குடையைக் குடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

— நனைஞ்சுக்கிட்டு வந்தது நிஜம்.

— பார்த்தியா!

— குடை என்னுது. நீலக் கலர், மரப்பிடி. நீங்க அதைக் குடுக்கலை. பஸ்ல வெச்சுட்டு இறங்கிட்டீங்க.

— எடுத்தவர் ஒரு தாத்தாவா இருக்கலாம்ல?

— இருக்கலாம். அப்ப சாட்சிக் கையெழுத்தை அவர்கிட்டயே வாங்கிக்கங்க.

— சரி, அதை விடு. ரெண்டாவது. கோபத்தை அடக்கறது. ஒரு மந்திரி, முனிவரை நூறு நாள் வெயில்ல நிக்க வெச்சான். முனிவர் ஒரு சொல் பேசல. அதே மாதிரி, போன வருஷம் பெரியவர் என் முகத்துல ஃபைலை விட்டெறிஞ்சாரு. நான் ஒரு வார்த்தை பேசல. குனிஞ்சு ஒவ்வொரு தாளாப் பொறுக்கி, வரிசைப்படி அடுக்கி, மறுபடியும் மேஜையில வெச்சேன். இதுல ஒரு எழுத்து பொய் கிடையாது.

— பொய் இல்ல. பாதி.

— என்ன பாதி?

— அன்னிக்கு சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டை எறிஞ்சீங்களே, அது யாரு? உப்பு கம்மின்னு. அங்க அடக்கின கோபம் செத்தா போச்சு? டிக்கெட் எடுத்து, பஸ் ஏறி, நேரா இங்க வந்து இறங்குச்சு. அந்த முனிவருக்கு வீட்டுல பெண்டாட்டி இருந்தாளான்னு கேட்டு எழுதுங்க.

— நீ என்ன, பரிட்சை திருத்தற வாத்தியார் மாதிரி கேக்கற!

— நான் எங்க கேட்டேன்? தட்டுதான் கேக்குது. இன்னும் நசுங்கி அடுப்படியில கிடக்கு.

— இந்தாம்மா, நாலு மார்க் விஷயம் இது. இதுக்குப் போய் இவ்வளவு துருவறியே. எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க. எங்க வகுப்புல பதினோரு பேர் கண்ணு தெரியாதவரை ரோடு தாண்ட விட்டிருக்காங்க. எல்லாம் ஒரே ரோடு. அந்த மனுஷன் பாவம், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலைஞ்சே களைச்சுப் போயிருப்பாரு.

— அவங்க சாட்சி பொய் சொல்லட்டும். வாத்தியாரம்மா சாட்சிக்குப் போன் போட்டுக் கேப்பாங்க. தப்புன்னு தெரிஞ்சா மொத்தமும் பூஜ்யம். ஏழாவது விதி.

— உனக்கு எப்படிடீ ஏழாவது விதி தெரியும்?

— ஒரு வாரமா கூடத்துல உக்காந்து சத்தமா உருப்போடறீங்க. எனக்கு மட்டுமா, எதிர்வீட்டு நாய்க்கும் தெரியும். மூணாவதைப் படிங்க.

— மூணாவதுல நீ வாயே தொறக்க முடியாது. பெத்தவங்களைப் பேணுதல். வேதநூல்ல வர்ற மகன், நடக்க முடியாத தாயைத் தோள்ல சுமந்து ஏழு மலை தாண்டினான். அதே மாதிரி, எங்கம்மா மூணு வருஷம் படுத்த படுக்கையா இருந்தப்ப... ஏன் மெஷினை நிறுத்திட்ட?

— நூல் அறுந்துடுச்சு. படிங்க.

— ...நான் இரவு பகல் பாராமல் பணிவிடை செய்தேன்.

— ...

— என்ன பேச மாட்டேங்கற?

— நீங்கதானே வாயே தொறக்க முடியாதுன்னீங்க.

— சரி, துணி மாத்தினது நீ. குளிப்பாட்டினது நீ. ஆனா நான் பக்கத்துலயே இருந்தேன்ல?

— இருந்தீங்க. பேப்பருக்குப் பின்னாடி. ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பிடிச்சிருப்பீங்க. அத்தை கூட என்கிட்ட கேட்டாங்க, 'அப்படி என்னடி சேதி வந்திருக்கு அதுல?'ன்னு.

— சேதி ஒண்ணும் படிக்கலம்மா. விஷயம் என்னன்னா... அம்மா முகத்தைப் பார்க்க முடியல. அந்தக் கை அப்படி ஆயிடுச்சே, குச்சி மாதிரி. அதைத் தொட்டா உடைஞ்சு போயிடும்னு பயம். தினம் ஆபீஸ் விட்டு வரும்போது வாசல்லயே நின்னு, உள்ளேர்ந்து இருமல் சத்தம் கேக்குதான்னு பார்த்துட்டுத்தான் செருப்பைக் கழட்டுவேன். கேட்டாத்தான் உள்ள வருவேன்.

— இதை எழுதுங்க.

— எதை?

— பயந்தேன்னு எழுதுங்க. வாசல்ல நின்னேன்னு எழுதுங்க. வேலையெல்லாம் இவ செஞ்சா, நான் பேப்பரைப் பிடிச்சுட்டு அழுதேன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்.

— அழுதது உனக்குத் தெரியுமா?

— பேப்பர் நனைஞ்சிருக்குமே. குடுங்க பேனாவை.

— இதுக்கு மார்க் போடுவாங்களா?

— போடாட்டிப் போகுது. மத்த ரெண்டையும் இப்படியே எழுதிடுங்க. குடையைத் தொலைச்சேன், அதுவும் அவ குடைன்னு. தட்டை எறிஞ்சேன்னு. கண்ணு தெரியாதவரை ரோடு தாண்ட விட்டதைப் படிச்சுப் படிச்சு வாத்தியாரம்மா அலுத்துப் போயிருப்பாங்க. தட்டைப் பார்த்தா நிமிர்ந்து உக்காருவாங்க.

— சரி, சரி. அது மூணும் ஆச்சு. நாலாவதுக்கு ரெண்டு தலைப்பு குடுத்திருக்காங்க. மன்னிப்பு, இல்லைன்னா உண்மை. ரெண்டுல ஒண்ணு எழுதினாப் போதும்.

— மன்னிப்பை எடுக்கலையா?

— யாராவது நமக்குத் தப்பு பண்ணினாத்தானே மன்னிக்கறதுக்கு? யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு அப்படிப் பெரிசா யாரும் ஒண்ணும் பண்ணல.

— ஆமா. உங்களுக்கு யாரும் பண்ணல.

— அதான் உண்மையை எடுத்துட்டேன். கதையைக் கேளு. படகோட்டி ஒருத்தன். ராஜா அவனைக் கூப்பிட்டு, 'ஓடிப்போன என் மகளை அக்கரைக்குக் கொண்டு போனது யாரு?'ன்னு கேக்கறாரு. 'நான்தான்'ங்கறான். படகைப் பிடுங்கிட்டாங்க, வீட்டை இடிச்சாங்க. அப்பவும் அவன் பேச்சை மாத்தல. கடைசியில தெய்வம் நேர்ல வந்து, படகு, வீடு எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துச்சு.

— கடைசிப் பக்கத்துல தெய்வம் வரும்னு தெரிஞ்சா நானும் தினம் பத்து உண்மை சொல்வேன். அவனுக்கு நடுப் பக்கத்துல தெரியாதுல்ல, அதுதான் அந்தக் கதை. உங்க சம்பவத்தைச் சொல்லுங்க.

— ஆபீஸ்ல பெரியவரோட கண்ணாடி டம்ளர் உடைஞ்சப்ப, 'நான்தான் உடைச்சேன்'னு தைரியமா ஒத்துக்கிட்டேன்.

— உடைக்கும்போது எத்தனை பேர் பார்த்தாங்க?

— ஆறு பேர்.

— ம்.

— பெரியவரும் இருந்தாரு.

— அது உண்மை சொல்றது இல்லைங்க. அது பிடிபடறது.

— வேற என்னத்தை எழுதச் சொல்ற?

— யாரும் பார்க்காததா ஒண்ணு இருக்காதா?

— யாரும் பார்க்கலைன்னா சாட்சிக்கு எங்க போறது?

— ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க உண்மையைச் சொன்னா தெய்வமெல்லாம் வராது. நான் ஒருத்திதான் எதிர்ல உக்காந்திருப்பேன்.

— அதாம்மா பயமா இருக்கு.

— பித்தான் டப்பாவை இப்படித் தள்ளுங்க. நான் பித்தானைத் தைக்கறேன். உங்க முகத்தைப் பார்க்கல. சொல்லுங்க.

— விஷயம் என்னன்னா...

— விஷயம் என்னன்னாவை விட்டுட்டு விஷயத்தைச் சொல்லுங்க.

— கல்யாணமான ரெண்டாவது வருஷம். நீ சாயங்காலக் கல்லூரிக்கு மனு போட்டியே. தினம் வாசல்ல நின்னு தபால்காரரைப் பார்ப்ப.

— மூணு மாசம் பார்த்தேன்.

— கடுதாசி வந்துச்சு. முதல் வாரமே வந்துச்சு. தெருமுனையில நான் ஆபீஸ் கிளம்பும்போது என் கையில குடுத்தாரு. இடம் கிடைச்சிருக்கு, பதினஞ்சு நாள்ல வந்து சேரணும்னு. நான் உன்கிட்ட குடுக்கல.

— நூலை வெட்டணும், கத்தரியை எடுங்க.

— இந்தாம்மா.

— ஏன் குடுக்கல?

— அப்ப நானே வெறும் பள்ளிக்கூடப் படிப்புதான். நீ டிகிரி முடிச்சுட்டு என் பெரியவர் மாதிரி ஒரு நாற்காலியில உக்காந்துட்டா, வீட்டுலயும் நான் டீ வாங்கிட்டு வர்ற ஆளா ஆயிடுவேனோன்னு... சின்ன புத்தி. முதல் நாள் நாளைக்குக் குடுக்கலாம்னு நினைச்சேன். பதினாறாவது நாள் குடுத்து என்ன பிரயோஜனம்னு நினைச்சேன்.

— கடுதாசியைக் குடுக்காததைக் கூட விடுங்க. 'ஒருவேளை உனக்கு மார்க் பத்தலையோ என்னமோ'ன்னு சொன்னீங்களே. அதைத்தான் நான் இத்தனை வருஷமும் நம்பிக்கிட்டிருந்தேன். யாராவது இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசினா எழுந்து உள்ள போயிடுவேன். எனக்கு எதுக்கு, நான் மண்டு, மார்க் பத்தாதவள்னு.

— தப்பும்மா. பெரிய தப்பு. பத்தொம்பது வருஷமா தொண்டையில மீன் முள்ளு மாதிரி...

— முள்ளு உங்களுக்கா?

— இல்ல. உனக்குத்தான். எழுதறேன். அப்படியே எழுதறேன். மார்க் பத்தலைன்னு சொன்னதையும் எழுதறேன். இந்தா, எழுதிட்டேன். ஆனா... இதுக்கு சாட்சி?

— குடுங்க. போடறேன்.

— நீ எப்படிப் போட முடியும்? உனக்கு இப்பத்தானே தெரியும்? நேர்ல அறிஞ்சவங்கதானே சாட்சி?

— கடுதாசியை ஏன் கிழிச்சுப் போடல?

— காகிதத்தைக் கிழிக்கற பழக்கம் எனக்கு ஏது? எது வந்தாலும் தேதி போட்டு, 'பெறப்பட்டது'ன்னு எழுதி, ஃபைல்ல...

— ஃபைல்ல சேர்த்துட்டீங்க. உங்க சான்றிதழ் ஃபைல்ல, பிளாஸ்டிக் உறையில, பள்ளிக்கூட டி.சி.க்கு அடுத்து. 'பெறப்பட்டது'ன்னு மணி மணியான எழுத்து. கீழ உங்க கையெழுத்து. ரெண்டு வருஷம் முன்னாடி இந்தப் படிப்புல சேரணும், எல்லாத்தையும் நகல் எடுத்துட்டு வான்னு அந்த ஃபைலை என்கிட்ட குடுத்து அனுப்பினது யாரு?

— ஐயோ.

— கடைக்காரர் ஒவ்வொரு தாளா எடுத்து வெச்சுக்கிட்டே வந்தாரு. 'இதுவும் எடுக்கணுமாம்மா?'ன்னு கேட்டாரு. 'எடுங்க'ன்னேன்.

— ரெண்டு வருஷமா தெரியுமா? தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே!

— நீங்களா சொல்லணும்னு இருந்தேன். நல்லவேளை, உங்களுக்கு இப்படி ஒரு பாடம் வெச்சாங்க. இந்தாங்க, நாலுலயும் போட்டாச்சு. நாளைக்குக் குடுத்துடுங்க. கிளார்க் ஆயிடுவீங்க.

— எனக்கு இப்ப அந்த நாற்காலியெல்லாம்... நீ எதுக்கு எழுந்து போற? கோபமா? அந்தப் பீரோவுல என்ன தேடற?

— கோபம் இருக்கு, அது எங்கயும் போகல. இதைப் பிடிங்க.

— என்னது? இதுவும் அதே பாட நோட்டு. எனக்குக் குடுத்த அதே அட்டை. பேரு... உன் பேரு! பதிவு எண்... நீ எங்க... சனிக்கிழமை தையல் வகுப்புன்னு போறியே?

— தையல்ல எனக்கு யாருங்க வகுப்பு எடுக்கறது? நகல் எடுத்த அன்னிக்கே ரெண்டு மனு வாங்கினேன். உங்களுக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு சனிக்கிழமை. முதல் வருஷம் மையத்துலயே முதல் மார்க். பத்தாத மார்க்.

— ஈகைக்கு எழுதிட்ட. கோபத்துக்கு எழுதிட்ட. பெத்தவங்களுக்கும்... மூணுலயும் எதிர்வீட்டு அக்கா சாட்சி போட்டிருக்காங்க. நாலாவது 'மன்னிப்பு'. இதுல தலைப்பு மட்டும்தானே இருக்கு? கீழ ஒண்ணுமே எழுதலையே!

— அதுக்கு எதிர்வீட்டு அக்கா சாட்சி ஆக முடியாது.

— என்னம்மா எழுதப் போற?

— எனக்கே இன்னும் தெரியல. காலைல பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கு. நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டு வைங்க.