நாற்பது பெட்டிகளும் ஒரு சின்ன விளக்கும்

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் எங்கள் முதலாளி அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த தொழிலாளத் தோழர்களே, ஈயப் புகையிலும் புன்னகை மாறாத சால்டரிங் பிரிவுத் தாய்மார்களே, லாரியை நிறுத்திவிட்டு வாசலில் எட்டிப் பார்க்கும் டிரைவர் தம்பியே, வணக்கம்!

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாகக் காக்கும் இன்குபேட்டர் செய்பவர்கள் நாம். அதற்குள் ஒரு கறுப்புச் சில்லு. ஆப்டோகப்ளர் என்று பெயர். அதற்குள்ளே ஒரு விளக்கு. யார் பார்த்தார்கள் அந்த விளக்கை? நான் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்ததில்லை. மின்சாரம் தாண்டக் கூடாத சுவரை ஒளி தாண்டும். எதிரே ஒரு கண் அதைக் கண்டு ஹீட்டரை எரியவிடும். மூடிய அறையில் முகம் தெரியாத இருவர் விளக்கால் பேசிக்கொள்வதை எண்ணி எண்ணி எத்தனை நாள் மெய்ம்மறந்திருக்கிறேன்!

ஆனால் விளக்கு மங்கும். ஆண்டுகள் போகப் போக மங்கும். அதனால்தான் டிஜிட்டல் ஐசொலேட்டர் என்னும் புதுச் சில்லைக் கொண்டுவந்தேன். சுவர் உண்டு, விளக்கு இல்லை, மங்கலும் இல்லை. அதற்குத்தான் இன்று எனக்கு இந்தப் பாராட்டுப் பட்டயம்.

கை தட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

காலையில் நீங்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, சால்டரிங் பிரிவில் இருக்கும் என் தங்கை ஒரு இன்குபேட்டர் பெட்டியில், ஹீட்டருக்குக் கட்டளை அனுப்பும் பக்கத்து மின்சாரத்தை மட்டும் பிடுங்கினாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் அணைஞ்சுபோச்சு. ஹீட்டர் ஏன் இன்னும் எரியுது?"

"எரியாதும்மா. சும்மா இரு."

"கையை வெச்சுப் பாருண்ணே!"

வைத்தேன். சுட்டது.

பழைய சில்லில் இருட்டு என்றால் 'நிறுத்து'. புதியதில் இரண்டு வகை. சேதி வராவிட்டால் 'நிறுத்து' என்பது ஒன்று, 'எரி' என்பது மற்றொன்று. நான் எடுத்தது இரண்டாவது! விளக்கையே எண்ணிக் கனவு கண்டவன் இருட்டை மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. ஏழாம் மாதத்தில் பிறந்த அவள் மகள் இருபத்தாறு நாள் நம் பெட்டியில்தான் உறங்கினாள்.

என்ன, பின்வரிசையில்? "அப்போ பழசே போதுமா?" என்கிறீர்களா? போதாது ஐயா! புதியதுதான் வேண்டும், சரியான புதியது வேண்டும். அது நம் ஸ்டோரிலேயே இருக்கிறது.

தலைவர் அவர்களே! அந்தச் சில்லோடு லாரியில் ஏறிய நாற்பது பெட்டிகளையும் இறக்கச் சொல்லுங்கள். தவறு என்னுடையது, வெட்கமும் என்னுடையது. பெயர் வைக்காத பிள்ளை, கண் திறக்காத பிள்ளை, சுட்டால் கத்தவும் தெம்பில்லாத பிள்ளை! அதற்காகக் கத்த நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இதோ, தலைவர் எழுந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

"டிரைவர் தம்பி, தார்ப்பாயை அவிழ்ப்பா!"

இப்போது தட்டுங்கள் கையை! எனக்கல்ல, என் தங்கைக்கு. பட்டயம் மேசையிலேயே இருக்கட்டும். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இன்னும் பிறக்காத, அந்த நாற்பது பெட்டிகளில் உறங்கப்போகும் பிள்ளைகளுக்கு என் வணக்கம்!