பன்றி வேலி

உடப்புசல்லாவை பஸ்ஸில் வந்த எங்களை, புது வீதி அமிழ்ந்த இடத்தில் இறக்கி நடக்கச் சொன்னார்கள். சேற்று நிலத்தில் கொங்கிரீட் தூண்கள் இறக்கி, அவற்றின் மேல் பாரம் தாங்கும் பிளாஸ்டிக் வலையும் கல்லும் பரப்பி, எல்லாம் முறைப்படி செய்ததாகத் திறப்பு விழாவில் சொன்ன வீதி. எனக்கு முன்னால் நடந்த பெண் பக்கத்தில் வந்தவரை மடக்கிக் கேட்டாள்.

“அண்ணே, ரோட்டுக்கு அடியில இருக்க வேண்டிய வலை ஒங்க கரட் தோட்டத்துல எதுக்கு நிக்குது?”

“பன்னிக்கு வேலி, தங்கச்சி. மிச்சமுன்னு ரோட்டு வேல சுப்பர்வைசரே குடுத்தாரு.”

“ஒழுங்கா விரிச்சிருந்தா ஏன் மிச்சமாகுது? எம் மகளுக்கு நெற மாசம். இந்தப் பள்ளத்தத் தாண்டி அம்புலன்ஸ் வராதாம்.”

“கோவப்படாதீங்க. நாளைக்கே வேலியப் பிரிச்சுத் தந்துர்றேன்.”

“தாங்க. நீங்க ரோட்டத் தூக்கிப் புடிங்க, நான் அடியில விரிக்கிறேன்.”