பெண்களிடம் ஆர்வம் இல்லாததால்

இல்ல தம்பி, அந்த வரிய மட்டும் இன்னொரு தடவ படிங்க. ம்... பெண்களிடம் போதிய ஆர்வம் இல்லாததால் மகளிர் பிரிவு முதலாண்டிலேயே மூடப்பட்டது. சரி. பழைய மலர்ல இருக்கு, அதனால பொன்விழா மலர்லயும் அப்படியே போடப் போறீங்க. நல்லா இருக்கு. எழுந்துக்காதீங்க, உக்காருங்க. குரோக்கே மன்றத்தோட ஆரம்பக் கதைய எழுதணும், நிறுவனர் பேச்சு வராம உள்ள ரூம்ல படுத்திருக்காரு, அவரு சம்சாரத்தக் கேட்டு எழுதிக்கலாம்னுதானே வந்தீங்க? அப்ப சம்சாரம் சொல்றதையும் கேளுங்க.

குரோக்கே ஆடற அந்த மட்டைய எங்க வீட்டுக்காரரு மொதமொதல்ல எங்க பாத்தாருன்னு தெரியுமா? வெளிநாட்டுலயா? அதுவும் மலர்ல இருக்கா? அட கடவுளே! சர்வே ஆபீசத் தாண்டி அவரு எங்க போனாரு! மட்டை எங்க பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூம்ல கெடந்தது தம்பி. நான் அங்க விளையாட்டு டீச்சர். ஒடஞ்ச பெஞ்சுங்களுக்கு அடியில நீளமா ஒரு பொட்டி. தொறந்தா நாலு மரப்பந்து, நீளக் காம்பு போட்ட சுத்தியல் மாதிரி நாலு மட்டை, தரையில குத்தி வெக்கற இரும்பு வளையம் கொஞ்சம். அடுப்பெரிக்க வேணும்னா எடுத்துக்கிட்டுப் போன்னுட்டாங்க ஹெட்மிஸ்ட்ரஸ். நானும் தையல் டீச்சரும் சைக்கிள்ல வெச்சுத் தள்ளிக்கிட்டு வந்தோம்.

தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இப்ப உங்க மன்றம் இருக்கே, அது அப்ப வெறும் முள்ளுக்காடு. நாங்க ரெண்டு பேரும்தான் வெட்டினோம். கையெல்லாம் கீறல். கல்லப் பொறுக்கி, மேடு பள்ளத்த நெரவி, புல்லு நட்டு, வாளி வாளியா தண்ணி தூக்கி... தையல் டீச்சருக்கு அப்பவே இடுப்பு வலி, ஒரு நாள் கூட வராம இருந்ததில்ல. எங்க வீட்டுக்காரரும் வருவாரு. இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிப்பாரு. கோலி ஆடறதுக்குக் கம்பு எதுக்குடின்னு கேட்டுட்டுப் போவாரு.

அப்புறம் எப்படி நிறுவனர் ஆனாரா? அப்படிக் கேளுங்க. மில் மேனேஜரு ஒரு நாள் கார நிறுத்திட்டு எறங்கி வந்தாரு. அட, குரோக்கே! நானும் ஆடலாமான்னாரு. தாராளமா ஆடுங்கன்னேன். அவ்ளோதான். அன்னைக்கு சாயங்காலமே எங்க வீட்டுக்காரருக்கு இந்த ஆட்டத்து மேல அப்படி ஒரு பாசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. அடுத்த வாரமே கமிட்டி. பல் டாக்டர் செயலாளர், ஜவுளிக்கடைக்காரரு பொருளாளர், இவரு தலைவரு. ரப்பர் ஸ்டாம்பு கூட வந்துருச்சு. நாங்க மகளிர் பிரிவு. டீ யாரு போடறதுன்னு பேச்சு வந்தப்ப மட்டும் எல்லா மூஞ்சியும் எங்க பக்கம் திரும்பிச்சு.

போகட்டும்னு இருந்தேன். ஆடக் கெடச்சா போதும் எனக்கு. உங்களுக்கு ஆடத் தெரியுமா? தெரியாதா! சரி விடுங்க. வளையத்துக்குள்ள பந்து பூந்துச்சுன்னா உங்களுக்கு இன்னொரு அடி. எதிராளி பந்துல மோதினா ரெண்டு அடி. கை சுத்தமா இருந்தா அடிச்சுக்கிட்டே போகலாம். அது வரைக்கும் எதிராளி நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டிருக்க வேண்டியதுதான்.

மொதப் போட்டி, கடைசி ஆட்டம், நானும் எங்க வீட்டுக்காரரும். ஊர்ல பெரிய மனுஷங்க எல்லாரும் முன்வரிசையில. இவரு மூணாவது வளையத்துல பந்தக் கம்பியில இடிச்சு நிறுத்திட்டாரு. என் முறை வந்துச்சு. நான் மட்டையக் கீழ வெச்சப்ப ஆட்டமே முடிஞ்சிருந்துச்சு. அவரு நாற்காலியில கால மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டிருந்தாரு. மில் மேனேஜரு சும்மா இருக்கக் கூடாதா? தலைவருக்கு இன்னைக்கு நல்ல ஓய்வுன்னு சொல்லிச் சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இவரு மூஞ்சியில ஈயாடல. வீட்டுக்கு வர்ற வழியில, மணிக்கட்ட மடக்காம அடிங்க, நான் சொல்லித் தரேன்னேன். ஆசையாத்தான் சொன்னேன் தம்பி. அவரு பாட்டுக்கு வேகமா முன்னாடி நடந்து போயிட்டாரு.

அடுத்த கமிட்டியில புதுசா ஒரு விதி. பெண்களுக்குன்னு தனி நேரம், வார நாள்ல காலையில பத்துலேர்ந்து பன்னெண்டு, மத்த நேரமெல்லாம் ஆம்பளைங்களுக்கு. கேக்க மரியாதையாத்தானே இருக்கு? ஆனா பத்து மணிக்கு நான் எங்க இருப்பேன்? பள்ளிக்கூடத்துல. தையல் டீச்சரும் அங்கதான். டெலிபோன் ஆபீஸ் பொண்ணுங்க ரெண்டு பேரு, ஒரு நர்சம்மா... ஆடின அத்தன பேரும் வேலைக்குப் போறவங்க. அது இவருக்குத் தெரியாதா? தெனமும் என் கையால சாப்பாட்டு டப்பா வாங்கிக்கிட்டு, என்கூடவே வாசப்படி எறங்கினவரு! எங்கள யாரும் வெளிய போன்னு சொல்லல. நேரத்த மட்டும் மாத்தினாங்க. ஒருத்தரும் வரலைன்னதும் ஆர்வம் இல்லைன்னு எழுதி மூடிட்டாங்க.

சண்ட போடாம இருப்பேனா? கமிட்டி முடிவு, நான் ஒருத்தன் என்ன பண்ணுவேன்னுட்டாரு. ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு கமிட்டியாம்! தையல் டீச்சர் என்கூடப் பேசறதையே நிறுத்திட்டா. உன் புருஷன்தானே, உன்னால தடுக்க முடியலையான்னு கேட்டா. போன வருஷம் போய்ச் சேந்துட்டா. கடைசி வரைக்கும் பேசல. அவ முள்ளு வெட்டின எடத்துலதான் நீங்க விழா மேடை போடப் போறீங்க. வயிறு எரியுது தம்பி. நெசமா எரியுது.

என்ன சொல்றீங்க? இதையெல்லாம் எழுதினா கமிட்டி வெட்டிருமா? வெட்டட்டும். நீங்க சின்னப் பையன், உங்க மேல கோவமில்ல. அந்த வரியவே போட்டுக்கோங்க. அவர மேடைக்கு அழைச்சுக்கிட்டுப் போகணுமா? போங்க. சக்கர நாற்காலி இருக்கு, நானே சட்ட போட்டு விடறேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? இவ்ளோ நேரம் தொண்ட கிழியக் கத்திட்டு, இப்ப எதையாவது போட்டுக்கோன்றாளேன்னா? நான் மலர்ல வரணும்னு சொல்லல தம்பி. அவருக்கு நாக்குதான் விழுந்துருச்சு, கை கால்தான் வரல. காதுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா கேக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இத்தன வருஷமா இந்தப் பேச்ச எடுத்தாலே செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிருவாரு. ஒரு தடவ கூட முழுசாக் கேட்டதில்ல. அதான் இப்ப பால்காரர் வந்தாலும் சரி, கேஸ்காரர் வந்தாலும் சரி, இங்கயே அவரு ரூம் வாசல்ல உக்கார வெச்சு மொதல்லேர்ந்து சொல்றேன். அவரால எழுந்து போக முடியாதுல்ல.