எப்போதும் இதில் திற

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காவும் தங்கச்சியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“கம்ப்யூட்டர்ல மக போட்டோவைத் தொட்டாலும், எங்க வீட்டுக்காரவுக கல்யாண ஆல்பம் போடுற சாஃப்ட்வேர்தான் தொறக்குது. அது தொறக்குறதுக்குள்ள சோறு வெந்துருதுக்கா” என்றாள் தங்கச்சி.

“வேற ஒண்ணுல தொறக்குற மாதிரி மாத்திர வேண்டியதுதான?”

“அவுக வச்சுட்டுப் போனது. வந்தா தேடுவாகள்ல.”

“கேரளாவுக்கு வேலைக்குப் போன மனுசன் உனக்குப் போன் பண்ணியே ரெண்டு வருசமாச்சுடி.”

தங்கச்சி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பஸ் சின்னமனூர் தாண்டியதும் நிமிர்ந்து அக்கா பக்கம் திரும்பினாள்.

“மாத்துனா, திரும்பப் பழையபடி வச்சுக்கலாமாக்கா?”

“எப்ப வேணாலும் வச்சுக்கலாம்.”

“அப்ப இன்னைக்கு வீட்டுக்கு வந்து மாத்திக் குடுத்துட்டுப் போ.”